ஒரு துப்பாக்கியை வகைப்படுத்த எத்தனை ஆண்டுகள்?

கருவடிக்குப்பத்தில் குடியிருப்போருக்குத் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது ஒரு பழைய செய்திதான். பாரதியார் உலவிய குயில் தோப்பும் சித்தானந்த சுவாமி கோயிலும் உள்ள இப்பகுதியின் ஒதுக்குப்புறத்தில், 1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி அளித்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்வாண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சியின் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும்; அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். இன்றைய சட்டமொழியில் அதன் பெயர் அரைத் தானியங்கி.

அன்று புதுச்சேரி எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயரின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடைமுறையில் இருந்தது. இப்பால் பிரெஞ்சு ஆட்சி. சில கல் தொலைவு நடந்தால் ஒரே ஆயுதத்துக்கு வேறு சட்டம். ஆயினும் எந்தப் பக்கம் நின்றாலும் தான் நிற்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே நாட்டுக்குள், ஒரே சட்டத்தின் கீழ், ஒரு துப்பாக்கி எந்த வகையைச் சேர்ந்தது என்று ஆண்டுக்கணக்கில் எவராலும் சொல்ல முடியாத நிலையும் உண்டு. கனடாவில் சில ஆண்டுகளாக நடந்துவருவது அதுதான். அந்தக் கோப்பு 2025 மே மாதம் முதல் ஒரு தமிழரின் மேசையில் இருக்கிறது என்பதால், நம் வாசகர்களுக்கும் அது முற்றிலும் அயலார் கதை அன்று.

எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ‘சொல்தா’ ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் அத்தகையோர் அருகிவிட்டனர். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் அந்தத் தலைமுறைக்கு ஆயுதங்களைப் பற்றிய பேச்சு நமக்குச் சமையலைப் பற்றிய பேச்சு போல இயல்பானது. அரைத் தானியங்கி என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். “சார், தையல் எந்திரம் மாதிரி தடதடவென ஓடினால் அது தானியங்கி. ஒரு அழுத்து, ஒரு வெடி என்றால் அரை. ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்து மூட வேண்டும் என்றால் அது வேட்டைக்காரன் துப்பாக்கி” என்றார். எந்தச் சட்ட நூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடவில்லை.

தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவின் அழுத்தமோ, பின்னுதைப்போ அடைப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலி உறை வெளியே விழுகிறது. வில் அடைப்பை முன்னுக்குத் தள்ளும்போது புதிய தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. சுடுபவர் செய்ய வேண்டியது விசையை விட்டு மீண்டும் அழுத்துவது மட்டுமே. இந்தப் பொறியமைப்பு மானையும் வீழ்த்தும், வகுப்பறையையும் பிணக்காடாக்கும். வேட்டைக்காரரின் கருவிக்கும் படைவீரரின் ஆயுதத்துக்கும் நடுவில் நிற்பதால்தான் இதை எந்தப் பெட்டியில் அடைப்பது என்று எல்லா நாடுகளும் திணறுகின்றன.

பிரான்ஸ் இதற்கு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டது. 2013 முதல் அங்கே ஆயுதங்கள் நான்கு வகை. அரைத் தானியங்கி நீள்துப்பாக்கி மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாது என்றால் அது வேட்டைக்காரர்களுக்கான வகை. மிகுந்தால் முன் அனுமதி தேவைப்படும் கடுமையான வகை. குறை சொல்ல இடம் உண்டு. ஆனால் விரல்விட்டு எண்ணத் தெரிந்த எவரும் தன் துப்பாக்கியின் நிலையைத் தானே அறிந்துகொள்ளலாம்.

கனடா பெயரைப் பிடித்துக்கொண்டது. அங்கே துப்பாக்கிகள் கட்டுப்பாடற்றவை, கட்டுப்படுத்தப்பட்டவை, தடைசெய்யப்பட்டவை என மூவகை. தடைப் பட்டியலில் ஒரு மாதிரியின் பெயரை எழுதி, ‘அதன் திரிபுகளும்’ என்று சேர்த்துவிடுவார்கள். சிக்கல் அந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது. எது எதன் திரிபு? தோற்றம் ஒத்திருந்தால் போதுமா, உள்ளுறுப்புகள் பொருந்த வேண்டுமா, ஒரே தொழிற்சாலையில் பிறந்திருக்க வேண்டுமா? இதற்கு விடை சொல்வது கூட்டரசுக் காவல் படையான ராயல் கனடியன் மவுண்டட் போலீசின் தொழில்நுட்பப் பிரிவு. அவர்கள் பராமரிக்கும் துப்பாக்கித் தகவல் தொகுப்பு சட்டம் அன்று. வல்லுநர்களின் கருத்து மட்டுமே. ஆனால் இறக்குமதியாளர், சுங்க அலுவலர், கடைக்காரர், காவலர் என எல்லோரும் அதையே சட்டமாகக் கொண்டு நடக்கின்றனர். கருத்து மாறினால், ஒரு வரிச் சட்டமும் திருத்தப்படாமலேயே ஒருவர் இரவோடிரவாகக் குற்றவாளியாகிவிடுவார்.

இது மிகைப்படுத்தல் அன்று. சுவிஸ் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ‘கிளாசிக் கிரீன்’ என்ற அரைத் தானியங்கி ரைஃபிள் கனடாவில் பத்தாண்டுக்கும் மேலாக வெளிப்படையாக விற்கப்பட்டது. உரிமம் பெற்றவர்கள் கடையில் பணம் கொடுத்து, ரசீது வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2014 பிப்ரவரியில் காவல் படையின் வல்லுநர்கள் தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டார்கள்: இது நாங்கள் எண்ணிய மாதிரியின் வழிவந்ததன்று, தடைசெய்யப்பட்ட படைத்துப்பாக்கியின் திரிபு என்றார்கள். அன்றைய கன்சர்வேடிவ் அரசு அடுத்த மாதமே இரண்டாண்டுப் பொதுமன்னிப்பு அறிவித்தது. 2015-இல் சட்டத்தைத் திருத்தி, வல்லுநர் கருத்தை மீறி வகைப்படுத்தும் அதிகாரத்தை அமைச்சரவை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அந்த ரைஃபிள் மீண்டும் சட்டபூர்வமானது. 2020 மே 1 அன்று லிபரல் அரசின் அமைச்சரவை ஆணை அதே ரைஃபிளை மீண்டும் தடைசெய்தது. இரும்பிலும் மரத்திலும் ஒரு அணுவும் மாறவில்லை. ஆறு ஆண்டுகளில் மூன்று முறை மாறியது காகிதம்தான்.

இந்த முன்னும் பின்னுமான ஆட்டத்தைக் கண்டு கனடாவின் துப்பாக்கி உரிமையாளர்கள் சலித்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சலிப்பு அவர்களுக்கு மட்டும் உரியது என்று கருதினால் பாதிக் கதையைத்தான் பார்க்கிறோம். 1989 டிசம்பர் 6 அன்று மாண்ட்ரியல் நகரின் எகோல் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் ஒருவன் மாணவிகளைத் தனியே பிரித்து நிறுத்திச் சுட்டான். அன்று 14 பெண்கள் கொல்லப்பட்டனர். அவன் பயன்படுத்தியது ரூகர் மினி-14 என்ற அரைத் தானியங்கி ரைஃபிள். உயிர் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் அன்று முதல் கேட்டது ஒன்றே: அந்த ரைஃபிளைத் தடைப் பட்டியலில் சேருங்கள். கனடாவின் துப்பாக்கிச் சட்டங்கள் 1991-இலும் 1995-இலும் இறுக்கப்பட்டன. மினி-14 மட்டும் கட்டுப்பாடற்ற வகையிலேயே இருந்தது. நோவா ஸ்கோஷியாவில் 2020 ஏப்ரலில் 22 பேர் கொல்லப்பட்ட பிறகு வந்த மே 1 ஆணையில்தான், ஏறத்தாழ 1,500 மாதிரிகளோடு அதுவும் தடைசெய்யப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல். மகளைப் பறிகொடுத்த தாய் மூதாட்டியாகும் காலம் அது.

தடைசெய்தபின் நடந்ததும் தாமதமே. வைத்திருப்பவர்கள் ஒப்படைக்கவும் இழப்பீடு பெறவும் வழி செய்யப்படும் என்றார்கள், அதுவரை பொதுமன்னிப்பு. முதலில் 2022 ஏப்ரல் 30 வரை. பிறகு 2023 அக்டோபர் 30. பிறகு 2025 அக்டோபர் 30. அதற்கும் பிறகு 2026 அக்டோபர் 30. இந்த இடைக்காலத்தில் அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது, விற்கக்கூடாது. பூட்டிய பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். அரசின் பார்வையில் அது சமூகத்தில் இருக்கவே கூடாத அளவுக்குக் கொடியது. அதே அரசின் அனுமதியுடன் அது ஒருவர் வீட்டு நிலவறையில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. இதைக் காட்டிலும் தெளிவான முரண்பாட்டை நான் அண்மையில் கண்டதில்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவே, எந்தப் பெட்டியிலும் அடைபடாமல் நிற்கிறது எஸ்.கே.எஸ். என்ற ரைஃபிள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சோவியத் பொறியாளர் செர்கெய் சிமோனோவ் வடிவமைத்தது, 7.62 மி.மீ. தோட்டா. ஏ.கே.-47 வந்தபின் படைகளுக்கு இது தேவைப்படவில்லை. சோவியத்திலும் சீனாவிலும் உபரியாகக் குவிந்தவை மலிவு விலையில் உலகெங்கும் சென்றன. கனடாவின் வடபுலத்தில், மூஸ் மானையும் கரிபு மானையும் வேட்டையாடி உண்ணும் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் இது வீட்டுக் கருவியாகிவிட்டது. விலை குறைவு, உறைபனியிலும் பழுதாகாது, தோட்டா எளிதில் கிடைக்கும். அவர்களுடைய வேட்டை உரிமை கனடிய அரசமைப்பின் 35-ஆம் பிரிவின் காப்பில் உள்ளது. பொழுதுபோக்கு வேட்டையோடு அதைச் சேர்த்து எண்ணிவிட முடியாது.

மறுபக்கமும் வலுவானது. எஸ்.கே.எஸ். பிறந்தது படைக்கலச் சாலையில். 2022 அக்டோபரில் ஒன்ராறியோவின் இன்னிஸ்ஃபில் நகரில் இரு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ரைஃபிளால்தான். பாலிடெக்னிக் படுகொலையில் பாதிக்கப்பட்டோரின் அமைப்பு, இதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தடைசெய்து என்ன பயன் என்று தொடர்ந்து கேட்டுவருகிறது.

2022 நவம்பரில், நாடாளுமன்றக் குழுவின் முன் இருந்த சி-21 மசோதாவில் அரசு திடீரென ஒரு திருத்தத்தை நுழைத்தது, எஸ்.கே.எஸ். உள்ளிட்ட பல வேட்டைத் துப்பாக்கிகள் அதில் சிக்கின. எவரையும் கலந்தாலோசிக்கவில்லை. டிசம்பரில் முதல் குடிகள் பேரவையின் தலைவர்கள் ஒருமனதாக எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2023 பிப்ரவரியில் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று சட்டமான மசோதாவில் இருந்த புதிய இலக்கணம், அதன்பின் வடிவமைத்துத் தயாரிக்கப்படும், கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி கொண்ட துப்பாக்கிகளுக்கே பொருந்தும். எஸ்.கே.எஸ். பழையது, அதன் தோட்டாப் பெட்டி உடலோடு பொருத்தப்பட்டது. ஆகவே அது இலக்கணத்துக்கு வெளியே நின்றது. 2024 டிசம்பரில் மேலும் 324 மாதிரிகள் தடைசெய்யப்பட்டன, எஸ்.கே.எஸ். குறித்துப் பழங்குடிச் சமூகங்களுடன் கலந்து பேசிப் பின்னர் முடிவெடுப்போம் என்றார்கள். 2025 மார்ச்சில் இன்னொரு பட்டியல், 179 மாதிரிகள். அதிலும் அது இல்லை.

முடிவெடுக்கும் முன் மக்களைக் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. கேட்காமல் செய்ததன் விளைவை 2022-இலேயே பார்த்தோம். ஆனால் கலந்தாய்வு என்ற சொல்லுக்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் வேண்டும். அவை இல்லாதபோது அது முடிவைத் தள்ளிப்போடுவதற்கான நாகரிகமான பெயராகிவிடுகிறது. எந்த நாளும் தடை வரலாம் என்ற அச்சத்தில் ஒருவன் தோட்டாக்களை வாங்கிக் குவிக்கிறான். இன்னொருவன், தடை வராது என்ற துணிவில் புதிய ரைஃபிளே வாங்குகிறான். தாமதம் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. எண்ணிக்கை கூடக்கூட முடிவெடுப்பது கடினமாகிறது.

இப்போது இந்தப் பொறுப்பு கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கேரி ஆனந்தசங்கரியிடம் இருக்கிறது. இலங்கையில் பிறந்து, ஸ்கார்பரோவில் வளர்ந்து அத்தொகுதியின் உறுப்பினரானவர்; தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் வீ. ஆனந்தசங்கரியின் மகன். 2025 செப்டம்பரில் அவர் தமக்கு அறிமுகமான ஒருவரிடம் தனிப்பட்ட முறையில் பேசியதன் ஒலிப்பதிவு வெளியானது. துப்பாக்கிகளைத் திரும்பப் பெறும் திட்டத்தை நடைமுறைப்படுத்த உள்ளூர்க் காவல் துறைகளுக்கு வளம் உண்டா என்ற ஐயம் அதில் ஒலித்தது. பின்னர் திட்டத்தில் தாம் உறுதியாக இருப்பதாக விளக்கினார். எதிர்க்கட்சியினர் அவரைக் கேலி செய்தனர். எனக்குக் கேலி தோன்றவில்லை. பொறுப்பிலிருப்பவர் தனிமையில் ஐயுறுவதும் வெளியில் உறுதி காட்டுவதும் இந்தக் கோப்பின் இயல்பு; அவருக்கு முன் அதைக் கையாண்டவர்களும் அடுத்தடுத்த பொதுமன்னிப்பு நீட்டிப்புகளால் அதையே வேறு விதமாகச் செய்தார்கள்.

விரைந்து முடிவெடுக்கவே முடியாது என்பதும் உண்மையன்று. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15 அன்று இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். மார்ச் 21 அன்றே, இருக்கும் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையால் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் கடும் வகைக்கு மாற்றப்பட்டன. ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. திரும்பப் பெறும் திட்டம் அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று முடிந்துபோனது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. சிறிய நாடு, துயரத்தின் சூடு ஆறுவதற்கு முன் கிடைத்த ஒருமித்த கருத்து என்ற காரணங்கள் உண்டுதான். ஆயினும் அங்கே ஒரு குடிமகன் தன் துப்பாக்கியின் நிலையை அறிய ஒன்பது மாதம் போதுமாக இருந்தது.

நம் நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. இந்த இலக்கணத்தில் அரைத் தானியங்கி வராது. ஆனால் மைய அரசு அரசிதழில் அறிவிக்கும் பிற ஆயுதங்களும் தடைசெய்யப்பட்டவை என்று அதே பிரிவு சேர்த்துக்கொள்கிறது. விதிகளின் அட்டவணை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை முதல் வகையில் வைத்து, கைத்துப்பாக்கிகளை மட்டும் மூன்றாம் வகைக்கு இறக்கிவிடுகிறது. முதல் வகைக்கு உரிமம் தர மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இல்லை. தில்லிக்குப் போக வேண்டும்.

இதோடு நாம் குழல் விட்டத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். படையினரின் தோட்டா திருடப்பட்டு வெளியே வந்தாலும் எந்தத் தனியார் துப்பாக்கியிலும் நுழையக்கூடாது என்பது ஆங்கிலேயர் காலத்துக் கவலை. அதனால் .303 தடைசெய்யப்பட்டது, அதற்கு மாற்றாகத்தான்.315 என்ற விட்டத்தில் நம் படைக்கலத் தொழிற்சாலைகள் குடிமக்களுக்கு ரைஃபிள் செய்துவருகின்றன. .303 ரைஃபிளுக்கு உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாளில் விடைகொடுத்தது. படையும் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. அட்டவணையில் மட்டும் அது இன்னும் பணியில் இருக்கிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது இரண்டாண்டுச் சிறை. அது தடைசெய்யப்பட்ட வகை என்றால் குறைந்தது ஏழாண்டு, உச்சம் பதினான்கு. இடையிலுள்ள ஐந்து ஆண்டுகளை முடிவுசெய்வது ஒரு வகைப்பாடு. உரிம விண்ணப்பத்தில் காவல் நிலைய அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதற்குக் காத்திராமல் ஆணையிட அதிகாரிக்குச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வழிவிடுகிறது. தாமதத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட அருமையான வாசகம் அது. ஆனால் எந்த ஆயுதம் எந்த வகை என்று அரசிதழில் அறிவிக்கும் அதிகாரத்துக்குச் சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை.

அதே வாசகத்தை வகைப்பாட்டுக்கும் நீட்டலாம் என்பது என் கருத்து. புதிய மாதிரி ஒன்று வந்து, அல்லது பழைய மாதிரி குறித்து ஐயம் எழுந்து, வல்லுநர்களிடம் போனால் குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுத்துமூலம் விடை வர வேண்டும். காரணம் சொல்லப்பட வேண்டும். அதை எதிர்த்து முறையிட இடம் வேண்டும். கெடு கடந்தால் தீர்ப்பு கிடைக்கும்வரை அந்த மாதிரியின் விற்பனை நிற்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே நேர்மையாக வாங்கியவர் மீது வழக்குத் தொடரக்கூடாது. துப்பாக்கிகள் குறைய வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனாலேயே இதைச் சொல்கிறேன். எது தடை, எது தடையில்லை என்று சொல்லத் தெரியாத சட்டத்தைத் துப்பாக்கிப் பிரியர்களும் மதிப்பதில்லை, பாதிக்கப்பட்டவர்களும் நம்புவதில்லை.

இதையெல்லாம் எங்கள் தெரு சொல்தாவிடம் சொன்னபோது அவர் எஸ்.கே.எஸ். ரைஃபிளின் படத்தைக் கைப்பேசியில் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தையும் குழலின் கீழ் மடங்கியிருந்த துப்பாக்கிமுனைக் கத்தியையும் சிறிது நேரம் பார்த்தார். “கத்தி வேறு வைத்திருக்கிறான். மானைக் குத்துவதற்கா?” என்று கேட்டார். பிறகு, பத்துத் தோட்டா பிடிக்கும், எங்கள் பழைய ரைஃபிளும் பத்துதான் என்றார். இது எந்த வகை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று கேட்டேன். யார் கையில் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள் என்றார்.